கூண்டு வேண்டாம், பழமரம் வேண்டும்

மதிப்பிற்குரிய வன அதிகாரிகளுக்கு வணக்கம்.

போன செவ்வாய்க்கிழமை ராத்திரி கோத்தகிரிப் பக்கம் எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் கதவைக் கரடி உடைத்தது உங்களுக்குத் தெரியும். உடைந்த கதவைப் பார்த்திருப்பீர்கள். என் ஜன்னலிலிருந்து நான் பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன். அது தாய்க்கரடி. முதுகில் இரண்டு குட்டிகள். விளக்கில் இருந்த எண்ணெயை நக்கிக் குடித்துவிட்டு, வாசலில் உட்கார்ந்து திரியை மென்றுகொண்டிருந்தது. புற்றை உடைத்துக் கறையானை உறிஞ்சித் தின்பதற்கென்றே மேல்வரிசை முன்பல் இரண்டு இல்லாத ஜீவன் அது. திரியை விழுங்க முடியாமல் துப்பித் துப்பி மறுபடி எடுத்தது. எனக்குப் பயம் போய் அழுகை வந்துவிட்டது.

ஊருக்குள் கூண்டு வைக்கச் சொல்கிறவர்கள் உண்டு. பிடித்துக் கொண்டுபோய் விடும் காட்டிலும் இதே வெயில், வெளிநாட்டிலிருந்து வந்து காட்டை மூடிய இதே உன்னிச்செடிதான். வெயிலும் மழையும் முறை தவறிவிட்டன. 2024 ஏப்ரலில் ஊட்டியிலேயே 29 டிகிரி அடித்தது. 2019 ஆகஸ்டில் ஊட்டிக்குப் பக்கத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. கோடை மழை பொய்த்தால் மண் இறுகிப் புற்று கல்லாகிவிடுகிறது. கறையான் ஆழத்துக்குப் போய்விடுகிறது. பூக்கிற நேரத்தில் அடைமழை பிடித்தால் நாவலில் பிஞ்சு நிற்பதில்லை. பூ இல்லாத வருஷம் தேனடை ஏது? மிச்ச இடத்தை உன்னியும், அதுபோலவே வெளியிலிருந்து வந்த சீகை மரமும் பிடித்துக்கொண்டன. உன்னிப் பழத்தையும் கரடி தின்னும்தான். ஆனால் அந்தப் புதருக்கு அடியில் ஒரு நாவல் கன்று தலைதூக்க முடியாது.

ஆகவே கேட்பது ஒன்றுதான்: உன்னியை வேரோடு எடுங்கள், அந்த இடத்தில் நாவல், அத்தி, கொன்றை நடுங்கள்.

இப்போது நாங்கள் கரடிக்குப் பயந்து, வெயில் ஏறி, புதர் தெளிவாகத் தெரிந்த பிறகுதான் தேயிலைக் கொழுந்து பறிக்க இறங்குகிறோம். இரண்டு மணி நேரம் போகிறது. எங்களுக்கு எடைக்குத்தான் கூலி. அந்த இரண்டு மணி நேரத்துக்கு யாரும் காசு தரமாட்டார்கள். இத்தனை வருஷமாக மலையை வெட்டித் தேயிலையும் விடுதியும் ஆக்கியவர்கள் யாரும் கரடி வரும் பாதையில் குடியிருக்கவில்லை. நாங்கள் குடியிருக்கிறோம். வெயிலை ஏற்றியதும் நாங்கள் இல்லை, கரடியும் இல்லை.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அயல் செடிகளை அகற்றி இயற்கைக் காட்டை மீட்கத் தமிழ்நாடு அரசு 2022-இலேயே கொள்கை வகுத்திருக்கிறது. எங்கள் ஊருக்கு மேலே இருக்கும் சரிவில் அதைத் தொடங்குங்கள் என்று பணிவோடு கேட்கிறேன். உன்னியை எடுங்கள், பழமரம் நடுங்கள். தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால் குழி எடுத்தாக வேண்டும். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் எங்கள் லயத்துப் பெண்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வரத் தயாராக இருக்கிறோம். தேதி மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கொழுந்து பறிக்கும் ஒருத்தி