குஸ்துல் கட்டுரைல ஒரு சின்ன இடிப்பு

ஆசிரியர் சார், வணக்கம்.

போன இதழ்ல நூபியாவுல, அதாவது எகிப்தோட தெக்கு, சூடானோட வடக்கு சேர்ந்த பழைய பகுதில, குஸ்துல்ங்கற ஊர்க் கல்லறைகள் பத்தி வந்த கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன். நூபியா பத்தி தமிழ்ல எழுதுறவங்களே கம்மி, அதுக்கே ஒரு கும்பிடு. ஆனா எகிப்து ராஜாக்களான பாரோ பரம்பரையே குஸ்துல்லதான் ஆரம்பிச்சதுன்னு நிரூபணம் ஆயிடுச்சுன்னு ஒரே போடா போட்டுட்டீங்களே, அங்கதான் இடிக்குது.

அந்த வாதமே பெரும்பாலும் எல்-24ங்கற கல்லறையில உடைஞ்சு கெடந்த ஒரு தூபக்கால் மேலதான் நிக்குது. அதுல படகு ஊர்வலம், வெள்ளை கிரீடம் வச்ச ராஜா, பருந்து எல்லாம் செதுக்கியிருக்கு. அஸ்வான் பெரிய அணைக்காக ஊரே தண்ணிக்குள்ள போகப்போகுதுன்னு 1960கள்ல அவசர அவசரமா தோண்டுனப்போ சிகாகோ பல்கலைக்கழகத்து கீத் சீலே டீம் எடுத்தது, மனுஷன் 1971ல காலமாயிட்டாரு, அப்புறம் புரூஸ் வில்லியம்ஸ்தான் அந்தப் பொருளையெல்லாம் ஒக்காந்து பார்த்து எகிப்து ராஜ சின்னங்களுக்கு மூலமே நூபியாதான்னு சொன்னாரு. செம பரபரப்பு. ஆனா 1988ல அபிடோஸ்ல குந்தர் டிரையர் யு-ஜே கல்லறைய கண்டுபிடிச்சாரு, எகிப்துக்குள்ளயே அவ்ளோ பழைய ராஜ கல்லறை, அதுல எழுத்து பொறிச்ச குட்டி குட்டி சீட்டு வேற. அதுக்கப்புறம் வில்லியம்ஸ் சொன்னது ஆட்டம் கண்டுடுச்சு. உங்க கட்டுரைல இந்த யு-ஜே பேச்சே இல்ல.

இவ்ளோ பெரிய க்ளெய்ம் தேவையே இல்ல சார். திருடன் எப்பவோ பூந்து சூறையாடுன கல்லறைங்க அது, மிச்சம் மீதியிலயே முட்டை ஓடு மாதிரி மெல்லிசான நூபியப் பானை, எகிப்து ஜாடி, பாலஸ்தீனம் பக்கத்துக் கூஜான்னு கெடைச்சிருக்கு. பக்கத்துலயே மாட்டையும் தனியா புதைச்சிருக்காங்க. கி.மு. 3100 வாக்குல நைல்ல யாவாரத்த கையில வச்சிருந்த பெரிய ஆளுங்கன்னு இதுலயே தெரியுதே.

இன்னொண்ணு, அதே ஊர்ல கிட்டத்தட்ட 3500 வருஷம் கழிச்சும் ராஜாக்கள புதைச்சிருக்காங்க. 1931ல வால்டர் எமெரி தோண்டுனப்போ வெள்ளி சேணம் பூட்டுன குதிரைங்களோட கெடைச்சது, எதிர்க்கரை பல்லானால கல்லு பதிச்ச வெள்ளி கிரீடங்கள். அதப்பத்தி ஒரு வரி கூட காணோம்.

அப்புறம் அந்த மேப். குஸ்துல சூடான் உள்ளார போட்டிருக்கீங்க. அது எல்லைய ஒட்டி எகிப்து பக்கம் சார், இப்போ நாசர் ஏரிக்கு அடியில. அடுத்த இதழ்ல திருத்திடுங்க.

இப்படிக்கு,
உங்க பழைய வாசகன்