துலக்குவதற்கு முன் காட்டுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குன்னூர், கோத்தகிரி பக்கம் பழைய பங்களாக்கள் கைமாறும்போதும், குடும்பங்களில் பாகப்பிரிவினை நடக்கும்போதும் பரணிலிருந்து ஏராளமான பொருட்கள் இறங்குகின்றன. "இலவசமாக மதிப்புப் போட்டுத் தருகிறோம்" என்று வீடு தேடி வருபவர், பல நேரம் வாங்க வந்தவராகவே இருக்கிறார். அவர் சொல்லும் தொகையை மதிப்பீடாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அதற்கும் முன்னால் வீட்டிலேயே ஒரு தவறு நடந்துவிடுகிறது. ஆள் வருகிறார் என்றதும் பித்தளை, வெண்கலச் சாமான்களைப் புளியும் சாம்பலும் போட்டுப் பளபளவென்று துலக்கிவிடுகிறார்கள். தினமும் ஏற்றும் விளக்கைத் துலக்குவது நம் வழக்கம். அதைக் குறை சொல்லவில்லை. பல்லாண்டு கைபடாமல் கிடந்த வெண்கலத்தின் மேல் படிந்திருக்கும் கரும்பழுப்பு நிறம்தான் அதன் வயதுக்கு ஒரு சான்று. புளியின் அமிலம் அதைச் சில நிமிடங்களில் கரைத்துவிடும். பாத்திரத்தின் கழுத்தில் புள்ளி புள்ளியாக வெட்டிய பெயரும் தேய்த்துத் தேய்த்தே மழுங்குகிறது. அது யார் வீட்டுப் பொருள் என்று சொல்ல அந்தப் பெயரை விட்டால் பெரும்பாலும் வேறு சாட்சி இல்லை.

மலையில் ஈரம் ஒரு தனிச் சங்கடம். வெண்கலத்தில் வெளிர்பச்சைத் தூள் உதிர்ந்தால் அதைச் சாதாரணக் களிம்பு என்று விட்டுவிடாதீர்கள். உப்பில் உள்ள குளோரைடு என்ற பொருள் உலோகத்துக்குள் புகுந்து, ஈரக்காற்றோடு சேர்ந்து உள்ளே அரித்துக்கொண்டே போகிறது என்று பொருள். உப்பும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்தால் குளோரைடை நாமே கூட்டியதாகும். மென்மையான தூரிகையால் தூசியை மட்டும் தட்டி, காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்து, அப்படியே மதிப்பீட்டாளரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

சாமி படங்களிலும் இதே அவசரம். சாமி படங்களை அச்சிட்ட, ஓவியர் ரவி வர்மாவின் அச்சகம் 1894இல் பம்பாயில் தொடங்கி, பிறகு லோனாவலா பக்கம் போனது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வழியே பாருங்கள். கல்லச்சுப் படமென்றால் (கல்லில் வரைந்து அச்சிட்டது) நிறம் ஒழுங்கில்லாத மணல் பொடிபோலத் தெரியும். பிற்காலத்து ஆப்செட் நகலில் புள்ளிகள் வரிசை பிசகாமல் நிற்கும். அச்சகத்தின் பெயர் பெரும்பாலும் அடி ஓரத்தில்தான் இருக்கும். சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று ஓரத்தை வெட்டினால் அந்த வரியும் போய்விடும். கண்ணாடி படத்தைத் தொடாதபடி அட்டை இடைவெளி விட்டுச் சட்டம் போடச் சொல்லுங்கள். இல்லையென்றால் மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடித்துப் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும்.

துரைமார் விட்டுப்போன கரண்டிகளைத் திருப்பிப் பாருங்கள். நடக்கும் சிங்க முத்திரை இருந்தால் 92.5 சதவீத வெள்ளி; கூடவே நங்கூரம் இருந்தால் பர்மிங்காமில் சோதிக்கப்பட்டது. 'ஈ.பி.என்.எஸ்.' என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் வெள்ளி முலாம் மட்டுமே.

கெம்பு அட்டிகையை நகைக்கடையில் காட்டினால் எடையும் மாற்றும் பார்த்துப் பழைய தங்கத்தின் விலையைச் சொல்வார்கள். கல்லுக்கு அடியில் அரக்கு நிரப்பியிருக்கும். அதுவும் எடையில் சேரும். மாற்றுப் பார்க்கும் இயந்திரமோ மேல்தகட்டை மட்டுமே அறியும். கல் பதித்த அந்த வேலைப்பாட்டுக்கு, உருக்கும் தங்கத்தின் விலையில் இடமே இல்லை. அதனால் உருக்கக் கொடுக்குமுன் பழம்பொருள் அறிந்த இன்னொருவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

மதிப்பீட்டாளரிடம் எதற்காக மதிப்பு என்பதை முதலில் சொல்லுங்கள். காப்பீட்டுக்கு, அதேபோன்ற பொருளைத் திரும்ப வாங்க ஆகும் தொகை. பாகப்பிரிவினைக்கு, இன்றைய சந்தையில் விற்றால் கிடைக்கும் தொகை. இரண்டும் ஒன்றாக இராது. மதிப்பில் இத்தனை சதவீதம் கட்டணம் என்பவரைத் தவிர்த்துவிடுங்கள். மதிப்பைக் கூட்டிச் சொன்னால் அவருக்கு லாபம். அறிக்கை எழுத்தில் வேண்டும்: சென்டிமீட்டரில் அளவு, கிராமில் எடை, உடைசல், ஒட்டு, முன்பக்கம், பின்பக்கம், அடிப்பக்கப் படங்கள், தேதி, கையொப்பம்.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. 100 ஆண்டு கடந்த உலோக, கற்சிலைகளை 1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி பதிவு அலுவலரிடம் பதிய வேண்டும். அவற்றை வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்குத் தனியார் அனுப்ப முடியாது. யானைத் தந்தம், புலித்தோல், சுவரில் மாட்டிய காட்டெருமைத் தலை ஆகியவற்றுக்கு விற்பனை மதிப்பு என்ற பேச்சே இல்லை; அவற்றை விற்பது குற்றம். உரிமைச் சான்றிதழோடு வாரிசாக வந்திருந்தால், 90 நாட்களுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளருக்குத் தெரிவிக்க வேண்டும்.

உதகை அரசு அருங்காட்சியகத்தில் ஆண்டுக்கு இருமுறை, மழையில்லாத மாதங்களில், அடையாளம் காணும் முகாம் ஒன்றை நடத்த மாவட்ட நிர்வாகம் முன்வர வேண்டும். எழும்பூர் அருங்காட்சியகத்தின் வேதியியல் பாதுகாப்புப் பிரிவினரும் தொல்லியல் பதிவு அலுவலரும் ஒரு நாள் வந்தால் போதும். விலை சொல்ல வேண்டியதில்லை. என்ன பொருள், எந்தக் காலத்தது, எப்படி வைத்துக்கொள்வது என்று சொல்லட்டும்.

இப்படிக்கு,
பழம்பொருள் பராமரிப்பில் ஈடுபட்டுள்ள வாசகர்கள்,
குன்னூர்.