அம்மா சொன்ன பனிமூட்டம்

பூம்பாறை

அன்புள்ள செல்வி,

வத்தலக்குண்டு வழியாகவே போய்வந்துவிட்டு உன் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்காமல் வந்தது உறுத்திக்கொண்டே இருக்கிறது. திட்டு, ஆனால் முழுசாகப் படித்துவிட்டுத் திட்டு. அம்மாவுக்குக் கருவிழி மாற்று ஆபரேஷன் முடிந்தது.

ஆறு மாதமாகவே காலையில் எழுந்ததும், "பனி மூட்டமா இருக்கு" என்பாள். நம் ஊரில் காலையில் வேறென்ன இருக்கும்? நானும் கண்டுகொள்ளவில்லை. மத்தியானம் தெளிந்துவிடும். ஒரு நாள் பளீரென்று வெயில் அடிக்கும்போது அதையே சொன்னாள். திக்கென்றது.

மதுரையில் டாக்டர் பொறுமையாக விளக்கினார். கருவிழி என்பது கண்ணின் முன்னால் இருக்கும் தெளிவான படலம். அதன் உள்பக்கம் ஒரே ஒரு வரிசை செல்கள், அதில் ஊறும் நீரை இறைத்துக்கொண்டே இருக்குமாம். செத்தால் மறுபடி முளைக்காது. பத்து வருஷத்துக்கு முன் புரை ஆபரேஷனில் கொஞ்சம் போய், வயதில் மீதியும் குறைந்து, கருவிழி நீர் கோத்துக்கொண்டது. ராத்திரி கண் மூடியே இருப்பதால் நீர் காய்வதில்லை, அதுதான் அந்தக் காலைப் பனி.

உன் நினைவில் இருப்பது சித்தப்பாவுக்குச் செய்ததுதானே? பூண்டுத் தோட்டத்தில் சருகு கண்ணைக் கிழித்து, பூஞ்சை பிடித்து, வெள்ளை விழுந்து, கருவிழியை வட்டமாக வெட்டி எடுத்து வேறு வைத்துத் தைத்தார்கள். தையல் முழுக்கப் பிரிக்கவே ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. 1905-ல் எட்வர்ட் ஸிர்ம் என்ற டாக்டர் முதன்முதலில் இதைச் செய்து ஜெயித்ததும் சுண்ணாம்பில் வெந்த கண்ணுக்குத்தான். காயமும் கிருமியும் இன்றும் ஓயவில்லை. ஆனால் புரை எடுத்து நன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தவர்களும், முன்பு வைத்த கருவிழி பழுதானவர்களும் இப்போது அதே வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அம்மாவுக்கு உள் ஜவ்வு மட்டும்தான் மாற்றினார்கள். அது ஒட்டிக்கொள்ள கண்ணுக்குள் ஒரு காற்றுக் குமிழி. மல்லாந்து படுத்து மோட்டுவளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். குமிழி கரையும்வரை மலை ஏறக் கூடாதாம், உயரம் போனால் காற்று விரியும். அதனால் அத்தை வீட்டிலேயே இருந்தோம்.

செல்வி, அப்பா போன ராத்திரி நீ என் பக்கத்தில்தான் இருந்தாய். "புரை ஆபரேஷன் பண்ணின கண்ணு, எடுக்க மாட்டாங்க" என்று யாரோ சொன்னார்கள். நாமும் கண் வங்கிக்கு ஒரு போன்கூடச் செய்யவில்லை. அது தப்பு. புரை எடுத்தவர்களும், கண்ணாடி போட்டவர்களும் கொடுக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். யாரோ ஒரு வீட்டில் அழுகைக்கு நடுவே அந்த போனைச் செய்திருக்கிறார்கள். அவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. நேற்று அம்மா தாழ்வாரத்தில் உட்கார்ந்து, பூண்டுத் தோலில் ஓடும் ஊதா நரம்பை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். எனக்கு அவர்கள் ஞாபகம்தான் வந்தது.

உன் மாமியாரிடம் பேசு. கண் கொடுக்கணும் என்று அவரே சொன்னவர்தானே, புரை ஆபரேஷனுக்கு அப்புறம்தான் பேச்சை நிறுத்தியிருக்கிறார்.

அடுத்த வாரம் மறுபரிசோதனை. இந்தத் தடவை கட்டாயம் உன் வீட்டில்தான் ராத்தங்கல். அம்மாவுக்குக் கீழ் அறையை ஒழித்து வை.

உன்,
மல்லிகா