மல்லிகை நாற்றங்காலுக்குக் கைகொடுத்த ஊராருக்கு நன்றி மடல்

தங்கச்சிமடம், பாம்பன் ஊர்ப் பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம்.

பட்டம் பெற்றும் வேலையின்றி இருந்த நாங்கள் கூட்டாகத் தொடங்கிய மல்லிகை நாற்றங்காலில், செலவும் கூலியும் போக மிஞ்சியதை முதன்முறையாகப் பங்கிட்டுக்கொண்ட இவ்வேளையில், உங்கள் அனைவருக்கும் எங்கள் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறோம்.

தென்னந்தோப்பை ஒட்டிச் சும்மா கிடந்த மணற்காட்டை, நாற்று விற்ற பிறகு குத்தகை கொடுத்தால் போதும் என்று எங்களிடம் ஒப்படைத்த தோட்டக்காரர் ஐயாவுக்கு முதல் நன்றி. மோட்டார் வாங்கக் கடனுக்கு அலையவிருந்த எங்களைத் தடுத்து நிறுத்தியவரும் அவரே. நம் இராமேசுவரம் தீவில் மழைநீர் மணலுக்கடியில் உப்புநீரின் மேல் மிதந்துதான் நிற்கிறது என்பதையும், ஆழமாகத் தோண்டி வேகமாக இழுத்தால் உவர் ஏறிவிடும் என்பதையும் விளக்கி, ஆழமில்லாத ஊற்று ஒன்றை உடனிருந்து வெட்டிக் கொடுத்தார். இன்றும் அதிலிருந்து குடத்தில் மொண்டுதான் பாத்திக்குத் தண்ணீர் விடுகிறோம்.

தொழிலைக் கற்றுத் தந்தவர்கள் காலங்காலமாகப் பதியன் போட்டுவரும் அக்காமாரும் அப்பத்தாமாரும். மதுரைப் பக்கத்து மல்லிகைத் தோட்டங்களுக்கு நாற்று கொடுக்கும் ஊர் என்ற பெயரை ஈட்டிவைத்தவர்கள் அவர்களே. இளசாகவும் இல்லாமல் முற்றியும் போகாமல் இருக்கும் குச்சியை விரலால் வளைத்தே கண்டுகொள்வதையும், கணுவுக்குக் கீழே நறுக்குவதையும், அடிநுனி மாறாமல் ஈர மணலில் ஊன்றுவதையும், வணிகவியலும் வேதியியலும் படித்த எங்களுக்குத் தம் கூலி வேலையை விட்டுவிட்டு வந்து பழக்கினார்கள். “படிச்ச புள்ளைகளுக்குக் கை பழக நாளாகும்” என்ற கேலியும் அந்தப் பாடத்தில் சேர்த்திதான்.

வேரழுகல் கண்ட பாத்திகளை நேரில் வந்து பார்த்த தோட்டக்கலை அலுவலர்களுக்கும், ஈரச்சாக்கில் சுற்றிய நாற்றுக்கட்டுகளை முகம் சுளிக்காமல் ஏற்றிக்கொண்ட மதுரைப் பேருந்து நடத்துநர்களுக்கும் நன்றி. நம் இராமநாதபுரம் மாவட்டத்து முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததைச் சுட்டிக்காட்டி, நம் நாற்றுக்கும் அதற்கு முயலலாம் என்று சொன்ன அன்பர்களின் யோசனை நல்லதே. ஆனால், கட்டுக்குள் நாற்று எண்ணிக்கை குறையாமல் அனுப்புவதுதான் அதற்கு முன்னதாகச் செய்ய வேண்டிய வேலை என்று கருதுகிறோம்.

வரவு செலவுக் கணக்கு நாற்றங்கால் கொட்டகையில் இருக்கிறது. யாரும் வந்து பார்க்கலாம். அடுத்த பருவத்தில் அக்காள்மடத்துப் பட்டதாரிகள் சிலர் சேர்கிறார்கள். அவர்களுக்கும் பழக்கித்தர அப்பத்தாமார் இசைந்திருக்கிறார்கள். இம்முறை அதற்குரிய கூலியை அவர்கள் மறுக்காமல் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
நாற்றங்கால் இளைஞர்கள், தங்கச்சிமடம்.