கொடையாளர் தொடர்பு வரைபடம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கொடையாளர்களைக் கண்டறிந்து நிதி திரட்ட உதவும் ஆய்வாளர்களுக்காக உருவாக்கப்படும், யாருக்கு யாருடன் தொடர்பு என்பதைக் கோடுகளால் காட்டும் தொடர்பு வரைபட மென்பொருள், எல்லாப் பெயர்களையும் கோடுகளையும் ஒரே திரையில் குவித்தால் யாருக்கும் பயன்படாது. ஒரு பெயரைத் தொட்டால் அவருடைய நெருங்கிய தொடர்புகள் மட்டுமே விரிய வேண்டும். அத்தொடர்பு உறவா, தொழில் கூட்டா, அறக்கட்டளைப் பொறுப்பா என்பதும், எந்த ஆவணத்திலிருந்து எந்த ஆண்டில் அறியப்பட்டது என்பதும் கூடவே தெரிய வேண்டும்.

ஒன்பது நகரக் கோயில்களைச் சார்ந்து, மணமான ஒவ்வொரு தம்பதியையும் ஒரு புள்ளியாகக் கணக்கிடும் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) மரபைக் கொண்ட செட்டிநாட்டில், ஒருவர் எந்தக் கோயிலைச் சேர்ந்தவர் என்னும் கோயில் பிரிவுக்கு வரைபடத்தில் தனி இடம் அளிப்பது மிக அவசியம் என்று உறுதியாகக் கருதுகிறேன். தாத்தாவின் பெயரையே பேரனுக்கு வைக்கும் வழக்கம் இங்கு உள்ளதால், இருவரையும் ஒருவராக இணைத்துவிடாமல் எச்சரிக்கும் வசதியும் தேவை. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மனத்தில் கொண்டு, கொடையாளர் கேட்டால் அவரது விவரத்தை நீக்கும் வழியைத் தொடக்கத்திலேயே அமைக்குமாறு வடிவமைப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காரைக்குடி.