பேன் பார்க்க வரிசையில் நிறுத்தாதீர்கள்

சேலம், ஏற்காடு வட்டாரப் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கும், விடுதிக் காப்பாளர்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் தாய்மார்களுக்கும்

வணக்கம்.

கிராம சுகாதார செவிலியராக இந்த மலையிலும் அடிவாரத்திலும் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். உங்களிடம் ஒன்றைக் கேட்கிறேன். காலை வழிபாட்டுக்கு நிற்கும் பெண்பிள்ளைகளின் சடையை எல்லோர் முன்னாலும் பிரித்துப் பார்ப்பதை நிறுத்துங்கள். பேன் இருக்கும் பிள்ளையைக் கடைசி பெஞ்சில் தனியாக உட்காரவைப்பதையும், வீட்டுக்குத் திருப்பி அனுப்புவதையும் விட்டுவிடுங்கள். ஒரு பிள்ளைக்குப் பேன் தெரிந்தால், ஆசிரியை ஒருவர் தனி அறையில் அந்த வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேர் தலையையும் பார்க்கட்டும். பேன் இருக்கிற எல்லோருக்கும் ஒரே நாளில் மருந்து போடுங்கள். ஒன்பது நாள் கழித்து இன்னொரு முறை போடுங்கள்.

வீட்டுக்கு அனுப்புவதால் ஏன் பயனில்லை என்று சொல்கிறேன். முதல் தடவை பேன் தொற்றும் குழந்தைக்கு அரிப்பு எடுக்கவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். அவள் தலையைச் சொறிவது உங்கள் கண்ணில் படும்போது, ஒரு மாதமாகப் பேனோடுதான் அந்த வகுப்பில் இருந்திருக்கிறாள். அன்றைக்கு அவளை மட்டும் அனுப்பிவிட்டால், பக்கத்தில் தலையோடு தலை ஒட்டிப் படித்த நான்கு பேர் தலையில் இருப்பது அப்படியேதான் இருக்கும். வீட்டில் சுத்தம் செய்துகொண்டு அவள் திரும்பி வந்ததும் மறுபடி அவளுக்கே ஏறும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே, பேனுக்காகவோ ஈருக்காகவோ எந்தக் குழந்தையையும் பள்ளிக்கு வராமல் தடுக்கக் கூடாது என்று சொல்கிறது.

ஈரைப் பார்த்து முடிவெடுப்பதும் தவறு. பேன் முட்டையிடுவது மண்டைத்தோலை ஒட்டிய முடியில். ஏழு முதல் பத்து நாளில் குஞ்சு வெளியே வந்துவிடும், காலி ஓடு முடியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவு வளர்கிறது. அதனால் தோலிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி வெள்ளையாகத் தெரிவது பெரும்பாலும் வெறும் கூடுதான். மருந்து போட்டு முடித்த பிள்ளையை அந்த வெள்ளைப் புள்ளிக்காக மறுபடி வாசலில் நிறுத்துவது அநியாயம். உயிரோடு ஓடுகிற பேன் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

மலைப்பள்ளி ஒன்றில் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்திக்கு இடுப்பு வரை முடி. வகுப்பில் சொல்லிக் காட்டியதால் அவள் அம்மா மொட்டை அடித்துவிட்டார். பையன்கள் வைத்த பட்டப்பெயரைத் தாங்காமல் அவள் பள்ளிக்கே வரவில்லை. தலைப்பேன் நோயைப் பரப்புவதில்லை. அது தரும் கெடுதல் அரிப்பும், சொறிந்த இடத்தில் வரும் புண்ணும்தான். ஆனால் நாம் காட்டிய அருவருப்பால் ஒரு குழந்தையின் படிப்பு நின்றது. அது எனக்கு இன்றும் ஆறவில்லை.

அழுக்கானவர்களுக்குத்தான் பேன் வரும் என்ற பேச்சும் உண்மையில்லை. தினமும் குளிக்கிற தலையிலும் அது நன்றாகவே பிடித்துக்கொள்ளும். பேனுக்குக் குதிக்கவும் தெரியாது, பறக்கவும் தெரியாது. தலை தலையோடு படும்போது ஊர்ந்து போகிறது, அவ்வளவுதான். நீள முடியோடு நெருங்கி உட்காரும், நெருங்கித் தூங்கும் பெண்பிள்ளைகளுக்கு அதிகம் வருவதற்குக் காரணம் இதுவே. உண்டு உறைவிடப் பள்ளியில் குளிர்காலத்தைப் பாருங்கள். மூன்று பேர் ஒரு போர்வைக்குள் ஒட்டிப் படுக்கிறார்கள். வெந்நீர் இல்லாமல் டிசம்பரில் தலைக்கு ஊற்றிக்கொள் என்றால் எந்தக் குழந்தை ஊற்றிக்கொள்ளும்? கீழே வீட்டிலும் அதே காலத்தில்தான் காப்பிப்பழம் பறிப்பு. "நர்சம்மா, எஸ்டேட்டுல இருந்து வர்றப்பவே இருட்டிப் போவுது, எந்த வெளிச்சத்துல பேன் பாக்கறது?" என்று தாய்மார்கள் என்னிடம் கேட்டதற்கு நான் பதில் சொல்ல முடிந்ததில்லை. அந்தப் பெண்களைத்தான் பள்ளிக்கு அழைத்து, பிள்ளையைக் கவனிக்கத் தெரியாதா என்று கேட்கிறோம்.

வீட்டில் பயந்துபோய் என்ன செய்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. சீசனில் நம் மலையில் சீத்தாப்பழம் கூடைகூடையாக வருகிறது. அதன் விதையை அரைத்துத் தலையில் தேய்ப்பது பழைய வழக்கம். அந்த விதை பேனைக் கொல்லும், அது உண்மை. ஆனால் கழுவும்போது கண்ணில் பட்டால் கருவிழியின் மேல்தோலையே அரித்துவிடும். கண் சிவந்து, வலி தாங்காமல், திறக்கவே முடியாமல் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களைப் பற்றி நம் நாட்டுக் கண் மருத்துவர்கள் பலமுறை எழுதியிருக்கிறார்கள். பாட்டி தேய்த்தபோது ஒன்றும் ஆகவில்லையே என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். ஒரு துளி போதும். மண்ணெண்ணெயை அடுப்புப் பக்கத்தில் வைத்துத் தடவுகிறார்கள், எறும்புச் சாக்பீசைப் பொடித்துத் தூவுகிறார்கள், அந்துருண்டையைத் தேங்காயெண்ணெயில் கரைக்கிறார்கள். இவை எதுவும் குழந்தையின் தலைக்கு ஆகாது. அவர்களைத் திட்டுவதைவிட, சரியான மருந்தைக் கையில் கொடுத்துவிட்டால் இதெல்லாம் தானாக நிற்கும்.

சரியான மருந்து ஒரு சதவீத பெர்மெத்ரின் லோஷன். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அது இருக்கிறது. சாதாரண ஷாம்பு போட்டுத் தலையை அலசி, துண்டால் ஈரம் ஒற்றி, மண்டைத்தோலிலும் முடியிலும் படும்படி தடவி, பத்து நிமிடம் விட்டு அலச வேண்டும். இது எல்லா முட்டையையும் கொல்லாது. அதனால்தான் ஒன்பது நாள் கழித்து இரண்டாம் முறை. பொரித்து வந்த குஞ்சு வளர்ந்து முட்டையிடுவதற்குள் அதைப் பிடித்துவிட வேண்டும். நான் பார்த்த வரையில் பாதிப் பேர் இந்த இரண்டாம் முறையை விட்டுவிட்டு, மருந்து வேலை செய்யவில்லை என்றார்கள். இரண்டு முறையும் சரியாகப் போட்டும் பேன் ஓடினால் மேலும் மேலும் ஊற்றாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள், வேறு மருந்துகள் உண்டு. தலையில் சீழ்ப்புண்ணோ காதுக்குப் பின்னால் நெறிகட்டியோ இருந்தால் அன்றே அனுப்புங்கள்.

மருந்து கிடைக்காத இடத்தில் பேன் சீப்பே போதும், பொறுமை வேண்டும். நிறைய எண்ணெய் தடவி, முடியை நான்காகப் பிரித்து, வேரிலிருந்து நுனி வரை சீவி, ஒவ்வொரு தடவையும் வெள்ளைத் துணியில் சீப்பைத் துடைக்க வேண்டும். மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை, மூன்று வாரம் வரை. விடுதியில் பெரிய பெண்கள் சின்னப் பிள்ளைகளுக்கு மதிய வெளிச்சத்தில் செய்துவிடலாம். ஞாயிறு பிற்பகலை அதற்கு ஒதுக்கி வெந்நீரும் கொடுங்கள். பாய், போர்வையைக் கொளுத்தவோ பூச்சிமருந்து அடிக்கவோ வேண்டாம். தலையை விட்டு விழுந்த பேன் ஓரிரு நாளில் செத்துவிடும், தலையணை உறையை வெந்நீரில் அலசி வெயிலில் போட்டால் போதும்.

இது முடியாத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். 2015 முதல் குடற்புழு நீக்க நாளில் பள்ளியிலேயே அத்தனை பிள்ளைகளுக்கும் அல்பெண்டசோல் கொடுக்கிறோமே. யாருக்குப் புழு என்று கைநீட்டிக் காட்டிவிட்டா கொடுக்கிறோம்? பள்ளிக்கு வரும் சிறார் நல மருத்துவக் குழுவிடம் பெயர்ப்பட்டியல் கொடுங்கள். லோஷனையும் பேன் சீப்பையும் உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் தீர்மானமாகவே போடுங்கள். குளிர் தொடங்கும் முன்பே, அக்டோபரிலேயே, முதல் சுற்று முடிந்துவிட்டால் நல்லது. ஆள் பற்றாக்குறை என்றால் கூப்பிடுங்கள், தலை பார்க்க நான் வருகிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
ஏற்காடு