முதல் ரயில் எத்தனை மணிக்கு?

ஜொகூர் பாரு - சிங்கப்பூர் ஆர்டிஎஸ் ரயிலைத் திட்டமிடும் இரு நாட்டு அதிகாரிகளுக்கு,

வணக்கம். எனக்கு வீடு ஜொகூர் பாருவில், வேலை சிங்கப்பூர் துவாஸில். காலை 7 மணி சிஃப்டுக்கு மூன்றரைக்கே எழுந்து மோட்டார் சைக்கிளை எடுக்கிறேன். இரு நாட்டையும் இணைக்கும், 1924இல் திறந்த அந்தப் பாலம் ஒரு கிலோமீட்டரைக் கொஞ்சம்தான் தாண்டும். அதைக் கடக்கச் சில நாள் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. போன வாரம் மழையில், எனக்கு முன்னால் நின்ற தம்பி மோட்டாரில் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டான். வண்டி சாய்ந்தபோதுதான் திடுக்கிட்டுக் காலை ஊன்றினான். இரவு சிஃப்டு முடிந்து வீடு திரும்புகிறவன் இல்லை அவன், வேலைக்குப் போகிறவன்.

அதனால்தான் இந்த ரயிலை அவ்வளவு ஆசையாக எதிர்பார்க்கிறோம். 2021 புத்தாண்டு அன்று கோலாலம்பூர் - சிங்கப்பூர் அதிவேக ரயில் திட்டம் கைவிடப்பட்டபோது, இதுவும் போச்சு என்றே நினைத்தேன். போகவில்லை. தூரம் 4 கிலோமீட்டர், பயணம் 5 நிமிடம், ஒரு திசையில் மணிக்குப் பத்தாயிரம் பேர். இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் ஜொகூர் பாரு பக்கத்து நிலையமான புக்கிட் சாகாரிலேயே முடிந்துவிடும். சிங்கப்பூர் பக்கம் உட்லண்ட்ஸ் நார்த்தில் இறங்கி நேராகப் பெருவிரைவு ரயிலுக்கு (எம்ஆர்டி) நடக்கலாம். நல்ல திட்டம், மனதாரச் சொல்கிறேன்.

ஆனால் சேவை காலை 6 மணி முதல் நள்ளிரவு வரைதான் என்கிறார்கள். ஆறு மணிக்கு ஏறினால் ஏழு மணிக்கு துவாஸ் போய்ச் சேர முடியாது. உட்லண்ட்ஸ் நார்த்திலிருந்து பெருவிரைவு ரயில், அப்புறம் பஸ், அதிலேயே ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விடும். விடியுமுன் பாலத்தில் நிற்கும் ஆயிரக்கணக்கானவர்களில் யாருக்கு இந்த ரயில்? இது ஓட ஆரம்பித்த ஆறு மாதத்தில் பாலத்தின் மேல் ஓடும் தெப்ராவ் ஷட்டில் ரயிலையும் நிறுத்தப்போகிறார்கள்.

தண்டவாளப் பராமரிப்புக்கு இரவில் நேரம் வேண்டும், சரி. அதற்கு ஞாயிறு காலையை எடுத்துக்கொள்ளுங்கள். வேலை நாட்களில் முதல் ரயிலை நாலரைக்கு விடுங்கள். அதுவரை ஷட்டிலை நிறுத்தாதீர்கள். புக்கிட் சாகாரில் மோட்டார் நிறுத்த எத்தனை இடம், மாதத்துக்கு எவ்வளவு என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கால அட்டவணையை முடிவு செய்யும் முன் ஒருநாள் காலை ஐந்து மணிக்கு அந்தப் பாலத்துக்கு வாருங்கள். நான் அங்கேதான் இருப்பேன்.

இப்படிக்கு,
துவாஸ் தொழிலாளி ஒருவன்